வாய்க்குள் இருந்த பெயர்

வாயைத் திறக்காதே என்றார். திறக்கவில்லை. காலையில் வீட்டைப் பூட்டும்போது என் புருஷன் சொன்னது அது. "வாயத் தொறந்தே, கொன்னு போட்ருவேன், தெரிஞ்சுக்கோ" என்று சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டே சொன்னார், நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா என்பது போல. இப்போது பஸ் நின்று கால் மணி நேரம் ஆகிறது. முன்னால் ஒரு லாரி எரிகிறது. டயர் கருகுகிற நாற்றம் பல்லிடுக்கில் வந்து ஒட்டுகிறது. லாரியின் முதுகில் தமிழ்நாட்டு நம்பர் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வருகிறது. டிரைவர் இறங்கி ஓடிவிட்டானா, உள்ளேயே கிடக்கிறானா என்று பஸ்ஸில் ஒருவரும் கேட்கவில்லை. ஆற்றுத் தண்ணீருக்காகத் தீ. ஓசூரில் மகள் சாரதா வீட்டுக்குப் போய்விட்டால் போதும், எல்லையைத் தாண்டிவிட்டால் தப்பித்தோம் என்றுதான் கிளம்பினோம். அந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது, கன்னட நம்பர் லாரியை நிறுத்தி இதே அடிதான் அடிக்கிறார்களாம், நேற்று ஒரு டிரைவரின் கையை முறித்தார்களாம். பாஷைதான் வேறு, தடி ஒன்றுதான். தடியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நான் முன்னால் பெண்கள் சீட்டில் இருக்கிறேன், அவர் நாலு வரிசை பின்னால் ஆண்கள் பக்கம். திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுவும் காலையில் சொன்னதுதான். பதினெட்டு வருஷம் பெங்களூரில் குப்பை கொட்டியும் என் கன்னடம் காய்கறிக்காரியிடம் பேரம் பேசுவதோடு நின்றுவிட்டது, இரண்டு வார்த்தை பேசினால் தருமபுரிக்காரி என்று தெருநாய்க்கும் தெரிந்துவிடும். அவர் அப்படியில்லை. இரும்புத் தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் கன்னடக்காரர்களோடு தின்று, சிரித்து, சண்டை போட்டு, அவர் பேசினால் இங்கேயே பிறந்தவர் என்றுதான் நினைப்பார்கள். காலையில் கடைக்குப் போய் ஒரு கருகமணிச் சரம் வாங்கிவந்து என் மடியில் எறிந்தார், இங்கத்திப் பெண்கள் போடுவது போல. என் மஞ்சள் கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு இதை வெளியே தொங்கவிட்டிருக்கிறேன். கழுத்தில் அது இன்னொருத்தியின் கை போலக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறாள், என் வயதுதான் இருக்கும், மடியில் துணி விரித்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கிறாள். ஊர் எரிகிறது, இவள் அவரைக்காய் உரிக்கிறாள். ஏறினபோது கன்னடத்தில் ஏதோ கேட்டாள், நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஊமை என்று நினைத்திருப்பாள். ஊமைதான். இருபத்திரண்டு வருஷமாக ஒரு விஷயத்தில் ஊமைதான்.

ஏறிவிட்டார்கள். ஆறு பேர், ஏழு பேர், எல்லாம் சாரதா வயதுப் பையன்கள். ஒருவன் கையில் சைக்கிள் செயின். ஒருவன் கையில் கட்டில் கால், கட்டிலை யார் வீட்டில் உடைத்தானோ. "ஹெசரேனு?" என்று கேட்கிறார்கள், பேர் என்ன, பேர் என்ன. பெண்களை விட்டுவிட்டு ஆண்களிடம் போகிறார்கள். ஒருவர் சிவண்ணா என்றார், விட்டார்கள். ஒருவர் இப்ராகிம் என்றார், கொஞ்சம் யோசித்துவிட்டு விட்டார்கள். கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒரு ஆள், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது, தையல்காரர் போலிருக்கிறது, மஞ்சுநாதன் என்றார். நல்ல கன்னடத்துப் பேராகத்தான் யோசித்து எடுத்திருப்பார், பாவம், பயத்தில் வாய் அதன் பழக்கத்துக்குச் சொல்லிவிட்டது, கடைசியில் ன் என்று நம் ஊர் வாலோடு. ஒரு அறை விழுந்தது. அதற்குப் பிறகு அறை இல்லை, இஞ்ச் டேப்பைப் பிடித்தே இழுத்தார்கள், படியில் தலை இடித்தது, மூன்று படி, மூன்று தடவை இடித்தது. வெளியே மண்ணில் கட்டில் கால் விழுகிற சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். துணிமேல் விழுந்தால் ஒரு சத்தம், எலும்புமேல் விழுந்தால் வேறு. நான் என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அது ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உடைந்து கோணலாகச் சேர்ந்த மணிக்கட்டு. தையல்காரர் அம்மா என்றுகூடக் கத்தவில்லை. அதுவும் தமிழாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

பேர் என்ன. அவர் பேர் என்ன. எனக்குள்ளேகூட அதை நான் சொல்லிக்கொள்வதில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா சொல்லி அனுப்பினாள், அதோடு போனதா, அந்தப் பேரின் வாடை அடிக்கிற சொல்லையெல்லாம் விட்டேன். எதிர் வீட்டுக்காரியின் பேர் இவர் பேரோடு பாதி ஒட்டும், அதனால் அவளைச் சீனு அம்மா என்பேன். மாதுளம்பழம் என்று கடைக்காரன் சொல்வான், நான் சிவப்பு முத்துப் பழம் என்று கையைக் காட்டுவேன். "அது மாதிரி, இது மாதிரின்னு ஒரு தடவ சொல்லேம்மா" என்று சாரதா சின்னதில் சீண்டுவாள், நான் போல, போல என்றே காலத்தை ஓட்டினேன். அந்தப் பேர் எந்த மலைச்சாமியின் பேரோ, அந்தச் சாமியைக்கூட மலைச்சாமி என்றுதான் கும்பிடுவேன். காட்டுக்கு நடுவில் அந்த மலை, இந்தப் பக்கத்து ஜனமும் அந்தப் பக்கத்து ஜனமும் ஒரே படியேறி ஒரே திருநீறு பூசிக்கொண்டு இறங்குகிற மலை. பிள்ளை பிறந்தால் இரண்டு பக்கமும் அதே பேரைத்தான் வைக்கிறார்கள். மலையிலிருந்து இறங்க இறங்கத்தான் பேர் மாறுகிறது. யாரும் வேண்டுமென்று மாற்றுவதில்லை, அந்தந்த ஊர் வாய்க்கு எது வசதியோ அது. என் மாமியார் மேட்டுக்காட்டில் நின்று பள்ளத்தில் ஆடு மேய்க்கிற பிள்ளையைக் கூப்பிட வேண்டும், மெய்யில் நிறுத்தினால் காற்று தின்றுவிடும், அதனால் "மாதையாவ்வ்" என்று வாலை நீட்டினாள், ஊரே அப்படி நீட்டியது. மலைக்கு அந்தப் பக்கம், கன்னட ஊர்களில், பெரியவர்களுக்கு மரியாதையாக அப்பா சேர்க்கிற வழக்கம், அவர்களுக்கு இவர் மாதப்பா. ஷாப்பில் எந்திரச் சத்தத்தில் நீட்டினால் காதில் விழாது, வெட்டிச் சொல்ல வேண்டும், அங்கே "மாதப்". என் பிறந்த ஊரில் மாமன் மச்சான் கிண்டலுக்கு மாது. மச்சான் வாயில் மாது, முதலாளி வாயில் மாதப், அம்மா வாயில் மாதையாவ்வ், ஆக ஊருக்கு ஒரு வாய் வைத்து அந்தப் பேரைச் செதுக்கினார்கள். பெற்றவளும், உடன்பிறந்தவளும், சண்டைக்காரனும் சேர்ந்து செதுக்கினார்கள். கட்டிக்கொண்டு வந்தவளுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் வெளியூரிலிருந்து வந்த மருமகள்கள், அவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்க மற்றவர்கள் பேர் சொல்கிறார்கள். எங்களையும் சொல்ல விட்டிருந்தால் எந்தப் பேர் எப்படி ஆகியிருக்கும், யார் கண்டது.

சொல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு நாள் சொன்னேன். அதை நினைக்கக் கூடாது, இப்போது நினைக்கக் கூடாது, அந்தப் பையன்கள் இரண்டாவது வரிசைக்கு வந்துவிட்டார்கள், ஆனாலும் வருகிறது. சாரதாவுக்குப் பிறகு இரண்டாவது, ஐந்து மாசம். குழம்பில் உப்பு என்றார், அவ்வளவுதான், உப்பு. காலைத் தூக்கி அடிவயிற்றில் வைத்தார். ஒரு உதைதான். அடுக்களைச் சுவரில் போய் விழுந்தேன். ஆண் பிள்ளை என்றாள் ஆஸ்பத்திரி ஆயா, துணியில் சுற்றி வாளியில் வைத்ததை எனக்குக் காட்டினாள், காட்டியிருக்க வேண்டாம். இருபது நாள் கழித்து ராகி அரைக்க மில்லுக்குப் போனேன். மத்தியானம், நான் ஒருத்திதான். மில் ஓடினால் பக்கத்தில் பேசுகிறவன் வாய் அசைவதுதான் தெரியும், சத்தம் தெரியாது. அந்தச் சத்தத்துக்குள் முகத்தை நீட்டி நான் அவர் பேரைச் சொன்னேன். முழுசாக. மூன்று தடவை. ஆயுசு குறையட்டும் என்று மனசார நினைத்துத்தான் சொன்னேன், வாய் தவறிச் சொன்னதாக இப்போது சாக்குச் சொல்லப் போவதில்லை. நாலாம் நாள் பிரஸ் எந்திரம் அவருடைய வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. கட்டுப் போட்ட கையோடு ஷாப் ஆட்கள் கூட்டிவந்து விட்டார்கள். நான் வாசலில் நின்று நடுங்கினேன், எல்லோரும் அழுகிறேன் என்று நினைத்தார்கள். உயிரைக் கேட்டேன், விரலைக் கொடுத்தது. பேருக்கு அவ்வளவு வலு இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. பயந்துபோய் மலைச்சாமிக்கு முடி இறக்கினேன், எதற்கு வேண்டுதல் என்று கேட்டார், உங்கள் கைக்கு என்றேன். மூன்று மாசம் அடி இல்லாமல் இருந்தது. பிறகு இடது கையால் அடிக்கப் பழகிக்கொண்டார். மணிக்கட்டு உடைந்தது இடது கையின் வேலை.

"ஹெசரேனு?" இது அவர் வரிசை. குரல் வந்துவிட்டது. "மாதப்பா" என்கிறார், கொஞ்சமும் பிசகாமல். சபாஷ். ஊர் ஊராகத் தேய்ந்த பேர்களில் சரியானதைப் பொறுக்கி எடுத்துவிட்டார். ஒருவன் வாடா போகலாம் என்கிறான், செயின் வைத்திருக்கிறவன் விடவில்லை. மீசையைப் பார்த்தால் தமிழன் போல இருக்கிறது என்கிறான், எந்தத் தெரு, எந்த ஷாப், கார்டு எங்கே என்கிறான். கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார், அதில் ஊர்ப் பேர் இருக்கிறது. கார்டு இல்லை என்கிறார். சட்டைக் காலரைப் பிடிக்கிற சத்தம், பட்டன் தெறித்துத் தகரத்தில் உருளுகிறது. வெளியே தையல்காரர் இருந்த பக்கத்தில் இப்போது சத்தமே இல்லை, அது இன்னும் பயமாக இருக்கிறது. எனக்கு என்ன பயம். என்னைக் கேட்டால் நிஜத்தைச் சொல்ல வேண்டும், பயத்துக்கு அடியில் வேறொன்று இருக்கிறது, அது காலை நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. அடிக்கட்டும். அடி எப்படி இருக்கும் என்று ஒரு தடவை தெரியட்டும். அடிவயிற்றில் ஒன்று விழட்டும். ஐயோ, மலைச்சாமி, நான் என்ன நினைக்கிறேன், வேண்டாம், சாரதா அப்பா, வேண்டாம். விழட்டும். வேண்டாம்.

அப்போதுதான் அவர் அதைச் செய்தார். "என் பொண்டாட்டி முன்னால உக்காந்திருக்கா, நம்பலேன்னா அவளையே கேளுங்க" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டார். காலையில் வாயைத் திறக்காதே என்று சொன்ன அதே ஆள். உயிர் பயத்தில் எல்லாம் மறந்துபோச்சு, என் கன்னடம் மறந்துபோச்சு, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் காதுபட என் வாயிலிருந்து அவர் பேர் வந்ததில்லை என்பதும் மறந்துபோச்சு. வந்ததில்லை என்று கவனித்தால்தானே மறப்பதற்கு. செயின் பையன் என் முன்னால் வந்து குனிகிறான். மேல் உதட்டில் பூனைமுடி, வாயில் பாக்கு வாசனை. உன் புருஷன் பேர் என்னம்மா, சொல்லு. பஸ் முழுக்க என் வாயைப் பார்க்கிறது. திரும்பக் கூடாது என்றதை மீறித் திரும்பினேன். அவர் கழுத்தைக் கட்டில் காலால் சீட்டுக் கம்பியோடு வைத்து அழுத்தியிருக்கிறார்கள். கண் என்னையே பார்க்கிறது. அந்தக் கண் என்னிடம் எதையாவது கேட்டு இதுவரை நான் பார்த்ததில்லை, இப்போது கேட்கிறது. மாதப்பா என்று சொல்ல வேண்டும். மூன்று எழுத்தும் ஒரு ஒற்றும். அவர் உயிர் என் நாக்குக்கு அடியில் கிடக்கிறது. சொன்னால் பிழைப்பார், சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் சாவார். சொல்லப் போனாலும் எது வரும் என்று எனக்கே தெரியவில்லை, என் வாய்க்கு இருப்பது ஒரே ஒரு பேர், மில்லில் சொன்ன பேர், முழுப் பேர், வாலோடு. தையல்காரரின் வாய் அவரை ஏமாற்றியது போல என் வாயும் செய்யும். செய்யட்டுமே. என் குற்றமா, வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று பிறகு அழலாம். எவ்வளவு சுலபம். வாளியில் துணி சுற்றியிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உதடு சேர்ந்தது, மா என்று ஆரம்பிக்கிற இடத்துக்கு வந்து அப்படியே நின்றது. பிரிக்கவும் முடியவில்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, யாருக்காக என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

"யாகோ, ஏனோ கேள்தீயா?" பக்கத்தில் அவரைக்காய் உரிக்கிறவள். தோலைப் பையனின் காலடியிலேயே போட்டாள். என்னடா கேட்கிறாய், எந்தப் பெண்ணடா புருஷன் பேரைச் சொல்லுவாள், "நிம்மம்மா ஹேள்தாளா?", உன் அம்மா சொல்லுவாளா, வீட்டுக்குப் போய் அவளை உன் அப்பன் பேரைச் சொல்லச் சொல்லிப் பாரு, செருப்பைக் கழற்றுவாள். பின்னால் ஒரு கிழவர் சிரித்துவிட்டார். யாரோ ஒருத்தி, ஆமாம் மகனே, சொல்லக் கூடாதப்பா, பாவம் அழுகிறாள் பாரு என்றாள். பையன் என் கண்ணீரைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ அவிழ்ந்தது, அவன் வீட்டு அடுக்களையில் நின்று ஏனுங்க, ஏனுங்க என்று கன்னடத்தில் கூப்பிடுகிற ஒருத்தி அவன் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும். சொல்ல மாட்டேன் என்றதாலேயே நான் அவர்கள் ஊர்க்காரியாகிவிட்டேன். "பிடோ, நம்மவ்ரே" என்றான், விடுடா, நம்மவர்தான். இறங்கிப் போனார்கள். பஸ் உறுமியது. அவள் என் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிவிட்டாள். அப்போதுதான் பார்த்தேன், கருகமணிக்குக் கீழே மஞ்சள் கயிறு வெளியே வந்து கிடந்திருக்கிறது, எவ்வளவு நேரமாகக் கிடந்ததோ. அவள் ஒரு பிடி அவரைக் கொட்டையை என் கையில் வைத்து மூடினாள். இவள் புருஷன் பேர் என்னவோ, அதை இவள் வாய் சொன்னால் எப்படி இருக்குமோ.

எல்லைக்கு ஒரு மைல் முன்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மேலே போகாது, நடக்க வேண்டும். நான் மூட்டையோடு இறங்கினேன். தையல்காரர் போல இன்னும் எத்தனை பேர் வழியில் கிடப்பார்களோ என்று கால் கூசியது. ரோட்டோரம் டயரை எரித்து வைத்துக்கொண்டு இன்னொரு கன்னடக் கூட்டம் நிற்கிறது, இருபது பேர் இருப்பார்கள், கையில் எல்லாம் கம்பு, கூப்பிடு தூரம். அவர் என் முழங்கையைப் பிடித்து மூடிக்கிடந்த டீக்கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். கழுத்தில் கட்டில் கால் பதிந்த தடம் சிவந்திருந்தது. உயிர் திரும்பி வந்த மனுஷன் ஏதாவது நல்லதாகச் சொல்வார் என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி நினைத்தேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஒரு பேரு சொல்ல வாய் வல்லியாடி ஒனக்கு? சாவட்டும்னுதான பாத்துட்டு ஒக்காந்திருந்தே?" என்றார் குரலை அடக்கி, பல்லைக் கடித்து. "அந்தப் பொம்பள இல்லேன்னா நான் பொணம்டி. தேவடியா, பேசுடி, வாயத் தொறடி."

இடது கை ஓங்கியது. எனக்கு அந்தக் கை எந்த வேகத்தில் வரும், எங்கே விழும் எல்லாம் மனப்பாடம், தலை தானாகச் சாயும். சாயவில்லை. வாயைத் திற என்றார். திறந்தேன்.

"மாதையன்" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். மில் சத்தம் இல்லாமல் அதை என் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. என் வாயில் அது அவர் அம்மா சொன்னது போலவும் இல்லை, ஷாப்பில் சொன்னது போலவும் இல்லை. கை மேலேயே நின்றது. அவர் கண் என் வாயிலிருந்து கூட்டத்தின் பக்கம் போயிற்று, மறுபடி என் வாய்க்கு வந்தது.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லட்டா?" என்றேன். "தருமபுரி மாதையன்னு, ஊரோட சேத்துச் சொல்லட்டா? அவங்களுக்கும் கேக்கும்."

டயர் வெடிக்கிற சத்தத்துக்குக் கூட்டம் கத்தியது. அவன் கை இறங்கியது. நான் என் தலையிலிருந்த மூட்டையை இறக்கி அவனிடம் நீட்டினேன், மூன்று விரலால் வாங்கிக்கொண்டான், நான் முன்னால் நடந்தேன்.